பழைய ஃபோர்ட்ரான் நிரலுக்கு எந்தக் கம்பைலர்? பெங்களூரு வந்த தம்பி தங்கைகள் கேட்ட கேள்விகள்

மத்திகெரேயில் எங்கள் வீட்டு மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலை நாலைந்து பேர் லேப்டாப்போடு வந்து உட்காருவார்கள். சேலம், திருச்சி, நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகள். பெங்களூரு ஆய்வுக்கூடம் ஒன்றிலோ விமானப் பொறியியல் கம்பெனி ஒன்றிலோ சேர்ந்திருப்பார்கள். முதல் வாரமே கையில், அறிவியல் கணக்குக்கான ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய ஒரு பழைய நிரலைக் கொடுத்து "இதை ஓட வை" என்று சொல்லியிருப்பார்கள். கல்லூரியில் சியும் பைத்தானும் படித்துவிட்டு வந்தவர்களுக்குத் திக்கென்று இருக்கும். இருபது வருடமாக இந்த மொழியோடுதான் என் பிழைப்பு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். -ஓ2 என்பதில் உள்ள ஓவும், -டபிள்யூஆல் என்பதில் உள்ள டபிள்யூவும் மட்டும் பெரிய எழுத்து.

அக்கா, இத்தனை பழைய மொழியை இன்னும் ஏன் வைத்திருக்கிறார்கள்?

கணக்கு சரியாக வருகிறது, அதனால்தான். ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் தலைமையில் ஒரு குழு, 704 என்ற கணினிக்காக 1957-இல் முதல் ஃபோர்ட்ரான் கம்பைலரை, அதாவது நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளை, வெளியிட்டது. அன்றிலிருந்து வானிலை, விமான இறக்கை, அணு உலை, பாலத்தின் வலிமை என்று எழுதப்பட்ட கணக்குகள் பல தலைமுறை ஆட்கள் சரிபார்த்தவை. பைத்தானில் நம்பை என்ற கணித நூலகம் வழியாக ஒரு சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கும்போதுகூட உள்ளே லாபேக் நூலகத்தின் வழிமுறைதான் ஓடுகிறது. லாபேக் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது. வானிலைக்காரர்கள் தினமும் ஓட்டும் டபிள்யூஆர்எஃப் மாதிரியும் பெரும்பாலும் ஃபோர்ட்ரான்தான்.

இந்த ஊருக்கும் இந்த மாதிரிக் கணக்குக்கும் நெடுநாள் உறவு. திரவ ஓட்டக் கணக்குக்காக ஃப்ளோசால்வர் என்ற இணைக்கணினியை 1986-இல் கட்டியது இங்கே இருக்கிற தேசிய வான்வெளி ஆய்வகமான என்ஏஎல். டாடா இன்ஸ்டிட்யூட் என்று பஸ்காரர்கள் சொல்கிற இந்திய அறிவியல் கழகமான ஐஐஎஸ்சியில் 2022-இல் பரம் ப்ரவேகா என்ற மீக்கணினி வந்தது. 3.3 பெட்டாஃப்ளாப் வேகம்.

மொழியும் நின்றுபோய்விடவில்லை. கடைசித் தரநிலை 2023-இல் வந்தது.

சரி, எந்தக் கம்பைலரைப் போடுவது?

இரண்டைப் போடுங்கள். முதலில் ஜிஃபோர்ட்ரான், அடுத்து இன்டெலின் ஐஎஃப்எக்ஸ்.

ஒன்று போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதாது என்பது என் உறுதியான கருத்து. பழைய நிரலில் இருக்கும் தப்பு அந்தக் காலத்துக் கம்பைலருக்குத் தெரியாமல், அல்லது அது கண்டுகொள்ளாமல், இத்தனை வருடம் ஒளிந்திருக்கும். ஒரு கம்பைலரின் கண்ணில் படாதது இன்னொன்றின் கண்ணில் படும். இரண்டிலும் ஓட்டி, இரண்டு விடையும் ஒத்துப்போனால் அரைப் பயம் போய்விடும். ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கு நமக்கு ஒரு துப்பு கிடைத்தது என்று அர்த்தம்.

ஜிஃபோர்ட்ரான், ஜிசிசி என்ற இலவசக் கம்பைலர் குடும்பத்தைச் சேர்ந்தது. 2005-இல் வந்த ஜிசிசி 4.0-இல் பழைய ஜி77-ஐ எடுத்துவிட்டு இதைச் சேர்த்தார்கள். இலவசம், எல்லா மெஷினிலும் கிடைக்கும், பழைய ஃபோர்ட்ரான் 77 நிரலைப் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் ஏற்கும். கேள்வி வந்தால் பதில் சொல்ல உலகம் முழுக்க ஆள் இருக்கிறது.

இன்டெலில் முன்பு ஐஃபோர்ட் என்று ஒன்று இருந்தது. கம்பைல் கட்டளைகளை எழுதிவைத்திருக்கும் உங்கள் அலுவலகத்து மேக்ஃபைலில் இன்னும் அந்தப் பெயரைத்தான் பார்ப்பீர்கள். 2024 கடைசியில் வந்த 2025 பதிப்போடு அதை நிறுத்திவிட்டார்கள். எல்எல்விஎம் என்ற திறந்த மூலக் கம்பைலர் அடித்தளத்தில் எழுதிய ஐஎஃப்எக்ஸ் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. ஆப்ஷன் பெயர்கள் அனேகமாக அதேதான். இப்போது காசு கிடையாது. லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும், மேக்கில் ஓடாது.

மற்றவை எப்போது தேவைப்படும் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிராஃபிக்ஸ் கார்டில் கணக்கு ஓட வேண்டுமென்றால் என்விடியாவின் என்விஃபோர்ட்ரான். முன்பு பிஜிஐ என்று அழைத்தது இதைத்தான். அந்த கம்பெனியை என்விடியா 2013-இல் வாங்கியது. நாக் கம்பைலருக்குக் காசு கட்ட வேண்டும். ஆனால் தப்பைப் பிடிப்பதில் அது மிகவும் கண்டிப்பு. மதிப்பே கொடுக்காத மாறியைப் பயன்படுத்தினால் ஓடும்போதே நிறுத்திச் சொல்லும். உங்கள் அலுவலகத்தில் அதன் லைசென்ஸ் இருந்தால் விட்டுவிடாதீர்கள். எல்எல்விஎம்மின் ஃபிளாங் வேகமாக வளர்ந்து வருகிறது. ஃபிளாங்-நியூ என்று இருந்த கட்டளை 2025-இல் வந்த 20-ஆம் பதிப்பில் வெறும் ஃபிளாங் ஆனது. மேக் வைத்திருப்பவர்கள் இரண்டாவது கம்பைலராக அதை வைத்துக்கொள்ளலாம்.

எப்படி நிறுவுவது? என்னிடம் இருப்பது எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப்தான்.

தாராளமாகப் போதும். கற்றுக்கொள்ளவும் சின்னக் கணக்குகளை ஓட்டிப் பார்க்கவும் 8 ஜிபி மெமரி இருந்தால் சிரமமே இல்லை.

உபுண்டுவில் ‘சுடோ ஏபிடி இன்ஸ்டால் ஜிஃபோர்ட்ரான்’, அவ்வளவுதான். விண்டோஸ் என்றால் முதலில், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டு அதற்குள் உபுண்டுவை வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்துக் கிளஸ்டர், அதாவது பல கணினிகளைச் சேர்த்த தொகுதி, லினக்ஸில்தான் ஓடும், இரண்டு இடத்திலும் ஒரே பழக்கம் இருப்பது நல்லது. மேக்கில் ஹோம்ப்ரூ வழியாக ‘ஜிசிசி’ பொட்டலத்தைப் போட்டால் ஜிஃபோர்ட்ரான் அதற்குள்ளேயே வரும்.

ஐஎஃப்எக்ஸ் சில ஜிபி இடம் பிடிக்கும். போட்ட பிறகு ‘செட்வார்ஸ்’ என்ற ஸ்கிரிப்டை ஒவ்வொரு புது டெர்மினலிலும் சோர்ஸ் செய்ய வேண்டும். செய்யாமல் ஐஎஃப்எக்ஸ் என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வரும். நிறுவியது கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்து அழித்துவிட்டுத் திரும்பப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிளஸ்டரில் நீங்களாக எதையும் நிறுவ வேண்டாம். ‘மாட்யூல் அவெய்ல்’ என்று அடித்து என்னென்ன இருக்கிறது என்று பார்த்து, வேண்டியதை ‘மாட்யூல் லோட்’ செய்யுங்கள். எந்தப் பதிப்பை லோட் செய்தோம் என்பதை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த வரி உதவும்.

நிரல் கைக்கு வந்ததும் முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

எதையும் திருத்தாதீர்கள். வந்தபடியே ஒரு பிரதியைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, இன்னொரு பிரதியை, மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் ‘கிட்’ மென்பொருளில் போடுங்கள். அப்புறம் நிரலைக் கொடுத்தவரிடம் போய், "சார், இது சரியாக ஓடிய காலத்து உள்ளீடும் வெளியீடும் எங்காவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஒரு பழைய பிரின்ட் அவுட் கிடைத்தால்கூடப் போதும். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாமல் கம்பைலர் மாற்றுவது, எடைக்கல் இல்லாமல் தராசு பிடிக்கிற மாதிரி.

முதல் கம்பைல் வேகத்துக்கானது இல்லை, தப்பு தேடுவதற்கானது. ஜிஃபோர்ட்ரானில் நான் எப்போதும் போடும் வரிசை இது: -ஜி -ஓ0 -டபிள்யூஆல் -எஃப்செக்=ஆல் -எஃப்பேக்டிரேஸ் -எஃப்எஃப்பிஇ-டிராப்=இன்வேலிட்,ஜீரோ,ஓவர்ஃப்ளோ.

எஃப்செக் என்பது அரேயின், அதாவது ஒரே பெயரில் வரிசையாக வைத்த எண்களின், எல்லையைக் காவல் காக்கும். 100 இடம் உள்ள அரேயில் 101-ஆவது இடத்தில் எழுதினால், காவல் இல்லாதபோது நிரல் சத்தமில்லாமல் பக்கத்து மாறியைக் கெடுத்துவிட்டுப் போகும். காவல் போட்டால் எந்த வரியில், எந்த அரேயில், எத்தனையாவது இடம் என்று சொல்லி நின்றுவிடும். ஒரு குறை உண்டு. சப்ரூட்டீன் எனும் துணை நிரலுக்குள் அளவு சொல்லாமல், அடைப்புக்குள் நட்சத்திரம் மட்டும் போட்டு அறிவித்த அரேக்கு எல்லை எது என்று கம்பைலருக்குத் தெரியாது, காவலும் இல்லை. பழைய நிரலில் இது நிறைய. அங்கேயெல்லாம் அளவையும் ஒரு ஆர்கியுமென்டாக அனுப்பி அறிவிப்பை மாற்றுவதை நான் முதல் மாதத்து வேலையாக வைத்துக்கொள்வேன்.

கடைசியாகச் சொன்ன டிராப், பூஜ்யத்தால் வகுத்தாலோ எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தாலோ அந்த இடத்திலேயே நிறுத்தும். அது இல்லாவிட்டால் விடை முழுக்க ‘நான்’, அதாவது ‘எண் அல்ல’, என்று நிரம்பி வரும், எங்கே ஆரம்பித்தது என்று தெரியாது. ஐஎஃப்எக்ஸில் இதற்குச் சமமாக -செக் ஆல், -டிரேஸ்பேக், -எஃப்பிஇ0.

.எஃப் என்று முடியும் ஃபைல். பார்க்கச் சரியாக இருக்கிறது, ஆனால் வரிக்கு வரி பிழை வருகிறது.

அது நிலைவடிவ நிரல். துளையட்டைக் காலத்தில் ஒரு அட்டையில் 80 கட்டம். 1 முதல் 5 வரை வரி எண், 6-இல் ஏதாவது எழுத்து இருந்தால் முந்தைய வரியின் தொடர்ச்சி, 7 முதல் 72 வரைதான் நிரல். 73 முதல் 80 வரை அட்டையின் வரிசை எண்ணுக்கு. அட்டைக்கட்டு கீழே விழுந்து கலைந்தால் மறுபடி அடுக்க வேண்டுமே, அதற்காக. முதல் கட்டத்தில் சி அல்லது நட்சத்திரம் இருந்தால் அந்த வரி வெறும் குறிப்பு.

அட்டை போய்விட்டது, விதி இருக்கிறது. நிலைவடிவ ஃபைலை .எஃப்90 என்று பெயர் மாற்றினால் கம்பைலர் சுதந்திர வடிவம் என்று நினைத்துப் படித்து எல்லா வரியிலும் பிழை சொல்லும். முதலில் பெயரைப் பாருங்கள்.

இதைவிட ஆபத்தானது 72-ஆவது கட்டம். நீங்கள் ஒரு வரியின் கடைசியில் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறீர்கள், வரி 73 கட்டத்துக்குப் போகிறது. கடைசி எழுத்து வெட்டுப்படும். ‘பீட்டா12’ என்ற மாறி ‘பீட்டா1’ ஆகிவிடும். அறிவிக்காத பெயர் என்று பிழை வர வேண்டாமா? வராது. ஐ முதல் என் வரை ஆறு ஆங்கில எழுத்தில் தொடங்கும் பெயர் முழு எண், மற்றதெல்லாம் தசம எண் என்று மொழியே தானாக எடுத்துக்கொள்ளும். ‘பீட்டா1’ புது மாறியாகப் பிறந்து, உள்ளே என்ன குப்பை இருக்கிறதோ அதோடு கணக்கில் கலந்துவிடும். -டபிள்யூஆல் போட்டிருந்தால் வரி வெட்டுப்படுவதை எச்சரிக்கும். -எஃப்இம்ப்ளிசிட்-நன் போட்டால் அறிவிக்காத ஒவ்வொரு பெயரையும் பட்டியல் போட்டுக் காட்டும். முதல் தடவை நூற்றுக்கணக்கில் வரும். ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். என் அனுபவத்தில் எழுத்துப் பிழையால் பிறந்த மாறி ஒன்றாவது அதில் அகப்படும்.

இன்னொன்று: நிலைவடிவத்தில் இடைவெளிக்குப் பொருளே இல்லை. ‘டூ 10 ஐ = 1,10’ என்பது ஒரு லூப். காற்புள்ளிக்குப் பதில் புள்ளி விழுந்து ‘டூ 10 ஐ = 1.10’ ஆனால், ‘டூ10ஐ’ என்ற மாறியில் 1.10-ஐப் போடு என்று பொருள். லூப்பே கிடையாது.

பத்து வருடம் கம்பைல் ஆன நிரல், புது உபுண்டுவில் ‘டைப் மிஸ்மேட்ச்’, ‘ரேங்க் மிஸ்மேட்ச்’ என்கிறது.

2020-இல் வந்த ஜிசிசி 10-இலிருந்து இது பிழை. அதற்கு முன் எச்சரிக்கையோடு விட்டுவிடும். ஒரு சப்ரூட்டீனை ஒரு இடத்தில் அரே கொடுத்தும் இன்னொரு இடத்தில் ஒற்றை எண் கொடுத்தும் அழைத்திருப்பார்கள். மெமரி குறைவாக இருந்த காலத்தில் ஒரே வேலை அரேயை முழு எண்ணுக்கும் தசம எண்ணுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருப்பார்கள்.

-எஃப்அலவ்-ஆர்கியுமென்ட்-மிஸ்மேட்ச் போட்டால் பிழை எச்சரிக்கையாக இறங்கும். -எஸ்டிடி=லெகசி போட்டாலும் அதேதான். போட்டுக்கொள்ளுங்கள், வேலை நடக்கட்டும். ஆனால் அந்த எச்சரிக்கைகளை ஒரு ஃபைலில் சேர்த்து ஒவ்வொன்றாகப் படியுங்கள். பத்தில் ஒன்பது தெரிந்தே செய்த சிக்கனமாக இருக்கும். பத்தாவது உண்மையான தப்பாக இருக்கலாம்.

கம்பைல் ஆகிவிட்டது, ஓடுகிறது, விடை மட்டும் பழைய பிரின்ட் அவுட்டோடு ஒத்துப்போகவில்லை.

அதிக நாள் தின்னும் கேள்வி இது. நான் தேடும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், எத்தனை இலக்கம் ஒத்துப்போகிறது என்று பாருங்கள். ஒற்றைத் துல்லிய எண் ஏறக்குறைய 7 இலக்கம் தாங்கும், இரட்டைத் துல்லியம் 15 முதல் 16 வரை. ஒற்றைத் துல்லிய நிரலில் ஆறாவது இலக்கம் மாறினால் கவலை வேண்டாம். கூட்டலின் வரிசை மாறினாலே அந்த அளவு மாறும். பழைய 32 பிட் பென்டியத்தில் கணக்கு உள்ளே 80 பிட்டில் நடந்தது. இன்றைய புராசஸரில் பெருக்கலும் கூட்டலும் ஒரே படியில் நடந்து ஒரே தடவை முழுமையாக்கப்படுகிறது. இரண்டாவது இலக்கமே மாறியிருந்தால் அது வேறு கதை.

அடுத்து ‘சேவ்’. பழைய கம்பைலர்கள் பலவற்றில் சப்ரூட்டீனுக்குள் உள்ள மாறிகளுக்கு நிரந்தர இடம் உண்டு. ஒரு தடவை போட்ட மதிப்பு அடுத்த அழைப்பிலும் அப்படியே இருக்கும். நிரல் எழுதியவர் அதை நம்பி, முதல் அழைப்பில் மட்டும் மதிப்பு போட்டிருப்பார். இன்று அந்த மாறி ஸ்டேக் என்ற தற்காலிக மெமரியில் பிறந்து சப்ரூட்டீன் முடிந்ததும் போய்விடுகிறது. சோதிப்பது சுலபம்: -எஃப்நோ-ஆட்டோமேட்டிக் போட்டு ஓட்டுங்கள். விடை சரியாகிவிட்டால் காரணம் அனேகமாக இதுதான். அந்த ஆப்ஷனோடு நின்றுவிடாமல், எந்த மாறி என்று தேடி அதற்கு வெளிப்படையாக ‘சேவ்’ எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, மதிப்பே கொடுக்காத மாறி. -எஃப்இனிட்-ரியல்=எஸ்நான் போட்டால் உள்ளூர் தசம மாறிகளில் விஷம் வைத்த மாதிரி. மேலே சொன்ன டிராப்போடு சேர்த்துப் போடும்போது, மதிப்பு போடுமுன் அவற்றைக் கணக்கில் தொட்டால் நிரல் நிற்கும்.

நான்காவது, எண்ணை எழுதிய விதம். மாறி இரட்டைத் துல்லியமாக இருந்தாலும் ‘எக்ஸ் = 0.1’ என்று எழுதினால் வலப்பக்கம் ஒற்றைத் துல்லியம்தான். உள்ளே போவது 0.10000000149. ‘0.1டி0’ என்று எழுத வேண்டும். -எஃப்டிஃபால்ட்-ரியல்-8 என்ற ஆப்ஷன் எல்லாவற்றையும் ஒரேயடியாக இரட்டையாக்கும். அதைத் தனியாகப் போட்டால் ஏற்கெனவே இரட்டையாக இருப்பவை 16 பைட்டாகி நிரல் ஊர்ந்து போகும். கூடவே -எஃப்டிஃபால்ட்-டபுள்-8 சேருங்கள்.

கடைசியாக, ஐஎஃப்எக்ஸ் ஒன்றும் சொல்லாவிட்டாலும் -ஓ2 வேகத்திலும், கணக்கின் வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தோடும்தான் கம்பைல் செய்கிறது. ஜிஃபோர்ட்ரான் சொல்லாவிட்டால் -ஓ0. இரண்டையும் ஒப்பிடும்போது ஐஎஃப்எக்ஸில் -எஃப்பி-மாடல் பிரிசைஸ் போட்டு ஒரே தரையில் நிறுத்துங்கள்.

மழை டேட்டாவைப் படித்தால் ஒரு கம்பைலரில் சரி, இன்னொன்றில் தப்பு. ஃபைல் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. இதில் நான் ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

இந்திய வானிலைத் துறை கால் டிகிரி கட்டத்தில் தினசரி மழை அளவைத் தருகிறது. குறுக்கே 135 கட்டம், நெடுக்கே 129. ஒரு நாளுக்கு 17,415 எண். எண்ணுக்கு 4 பைட் வீதம் 69,660 பைட். ஒரு வருடத்து நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஃபைலில். அளவீடு இல்லாத இடத்தில் -999. இதை ‘ஓப்பன்’ செய்யும்போது ஒரு ரெக்கார்டின் நீளத்தை ‘ரெக்எல்’ என்று கொடுக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். ஜிஃபோர்ட்ரானுக்கு அந்த எண் பைட் கணக்கு. இன்டெலுக்கு நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 4 பைட் ஒரு அலகு.

ஜிஃபோர்ட்ரானில் 69660 என்று எழுதிய என் நிரலை இன்டெலில் கம்பைல் செய்தேன். பிழை ஒன்றும் வரவில்லை. ஆனால் அதற்கு ஒரு ரெக்கார்டு என்பது நான்கு நாள் நீளம். முதல் ரெக்கார்டு ஜனவரி 1, சரி. இரண்டாவது ஜனவரி 5. மூன்றாவது ஜனவரி 9. 31-ஆவது ரெக்கார்டு ஜனவரி 31 என்று நான் நினைத்திருக்க, நிரல் படித்துக்கொண்டிருந்தது வருடத்தின் 121-ஆவது நாள், அதாவது மே 1. ஜனவரி மாதப் படத்தில் பெங்களூரு மேல் மழை தெரிந்தது. ஜனவரியில் இங்கே வறட்சி. ஏப்ரல், மேயில் வரும் மாங்காய் மழையைத்தான் ஜனவரி என்று வரைந்திருந்தேன். இந்த ஊரில் குடியிருந்ததால் சந்தேகம் வந்தது. தெரியாத ஊராக இருந்திருந்தால் நம்பியிருப்பேன்.

வழி மூன்று உண்டு. ஐஎஃப்எக்ஸில் -அஸ்யூம் பைட்ரெக்எல் போடலாம். ‘இன்கொயர்’ கட்டளையில் ‘ஐஓலெங்த்’ கேட்டு, அந்தக் கம்பைலர் எந்த அலகில் எண்ணுகிறதோ அந்த அலகிலேயே நீளத்தை வாங்கி ‘ரெக்எல்’லில் கொடுக்கலாம். எனக்குப் பிடித்தது இதுதான், ஆப்ஷனை மறந்தாலும் நிரல் தப்பாது. புது நிரல் என்றால் ஃபோர்ட்ரான் 2003-இல் வந்த ‘ஸ்ட்ரீம்’ முறையில் திறந்து பைட் இடத்தைச் சொல்லிப் படிக்கலாம்.

ஓட ஆரம்பித்ததுமே ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’.

பெரிய அரே ஸ்டேக்கில் இடம் கேட்டு, இடம் போதாமல் விழுகிறது. ஐஎஃப்எக்ஸில் இது அடிக்கடி. ‘யூலிமிட் -எஸ் அன்லிமிடெட்’ என்று அடித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அல்லது -ஹீப்-அரேஸ் போட்டுக் கம்பைல் செய்யுங்கள். இரண்டிலும் தீராவிட்டால் எஃப்செக்குக்குத் திரும்புங்கள், எங்கோ எல்லை மீறியிருக்கிறது.

‘நெட்சிடிஎஃப்.மாட்’ ஃபைலைப் படிக்க முடியவில்லை, வேறு கம்பைலரில் உருவானது என்கிறது.

நெட்சிடிஎஃப் என்பது வானிலை மாதிரியான டேட்டாவைச் சேமிக்கும் ஃபைல் வடிவத்துக்கான நூலகம். அதன் மாட்யூல் விவரம் இருக்கும் .மாட் ஃபைல் ஒவ்வொரு கம்பைலருக்கும் தனி. ஜிஃபோர்ட்ரானில் உருவான நெட்சிடிஎஃப் மாட்யூலை ஐஎஃப்எக்ஸ் படிக்காது. சில சமயம் ஜிஃபோர்ட்ரானின் ஒரு பதிப்பு உருவாக்கியதை இன்னொரு பதிப்பே படிக்காது. எந்தக் கம்பைலரோ அதிலேயே நெட்சிடிஎஃப்-ஃபோர்ட்ரான் நூலகத்தையும் கட்ட வேண்டும். கிளஸ்டரில் அதே கம்பைலரோடு கட்டிய மாட்யூலை லோட் செய்தால் போதும். பாதைகளை மனப்பாடமாக எழுதாமல் ‘என்எஃப்-கான்ஃபிக்’ கட்டளையிடம் கேட்டு வாங்குங்கள்.

எப்போது வேகத்துக்குப் போகலாம்?

விடை சரி என்று தெரிந்த பிறகு. -ஓ2 போட்டு ஒப்பிட்டு, பிறகு -ஓ3. -மார்ச்=நேட்டிவ் உங்கள் புராசஸருக்கென்றே தைத்த சட்டை. கிளஸ்டரில் நாம் நுழையும் லாகின் நோடில் கம்பைல் செய்து வேறு வகைக் கணிப்பு நோடில் ஓட்டினால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று நின்றுவிடலாம். -எஃப்ஃபாஸ்ட்-மேத் மட்டும் வேண்டாம் என்பேன். ‘நான்’ என்ற மதிப்பே வராது என்று கம்பைலர் எடுத்துக்கொள்வதால், நாம் எழுதிய சோதனைகளையே அது தூக்கி எறியலாம்.

ஆப்ஷனைவிடப் பெரிய ஆதாயம் லூப் வரிசையில் இருக்கிறது. ஃபோர்ட்ரான் அரேயை நெடுவரிசையாக வைக்கும். முதல் குறியீடுதான் மெமரியில் அடுத்தடுத்துப் போகும். அதனால் உள்லூப்பில் முதல் குறியீடு ஓட வேண்டும். சியிலிருந்து வருபவர்கள் பழக்கத்தில் தலைகீழாக எழுதுகிறார்கள். மாற்றிப் போட்டதும் பல மடங்கு வேகம் ஏறிய நிரல்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் பைத்தானுக்கு மாற்றிவிடலாமே?

மேலே பைத்தான், உள்ளே ஃபோர்ட்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்பையோடு வரும் எஃப்2பை, சப்ரூட்டீனை அப்படியே பைத்தானிலிருந்து அழைக்க வைக்கும். சி அல்லது சி++ உடன் சேர்க்க ‘ஐஎஸ்ஓ சி பைண்டிங்’ இருக்கிறது. உள்ளீடு படிப்பது, படம் வரைவது எல்லாம் பைத்தானுக்குப் போகட்டும். கணக்கின் கருவைத் தொடுவதானால், அதை எழுதியவரோ அவரோடு வேலை செய்தவரோ இன்னும் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் தேடுங்கள். ஓய்வு பெற்று மல்லேஸ்வரத்திலோ அல்சூரிலோ இருப்பார். போன் செய்து கேட்டால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். அந்த வரியில் ஏன் 0.622 இருக்கிறது, ஏன் அந்த இடத்தில் மட்டும் வரம்பு வைத்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் மட்டும் இருக்கிறது. கேட்டதை நிரலுக்குள்ளேயே குறிப்பாக எழுதுங்கள்.

குறிப்பைத் தமிழில் எழுதலாமா அக்கா?

எழுதலாம். குறிப்புக்குள் என்ன எழுத்து இருந்தாலும் கம்பைலர் கண்டுகொள்ளாது. யூடிஎஃப்-8-இல் சேமியுங்கள். மாறிகளின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில்தான் இருக்க முடியும். அதுவும் ஃபோர்ட்ரான் 77 தரநிலையில் 6 எழுத்து, ஃபோர்ட்ரான் 90-இல் 31, 2003-இலிருந்து 63.

தமிழை அச்சிடும்போது கவனம் வேண்டும். ஃபோர்ட்ரானின் சாதாரண ‘கேரக்டர்’ நீளம் பைட் கணக்கு. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ‘மழை’ என்பதில் ம, ழ, ஐகார அடையாளம் என்று மூன்று குறியீடு, ஆக 9 பைட். ‘பெங்களூரு’ 27 பைட். ஊர்ப்பெயருக்கு 10 இடம் போதும் என்று அறிவித்தால் ‘பெங’ வரை வந்து, புள்ளி பாதியில் வெட்டுப்பட்டு ஒரு கட்டம் தெரியும். 60 என்று அறிவியுங்கள், திருவனந்தபுரம்கூட அடங்கும்.